காலை ஐந்தரை முதல் ஆறரை வரை

முதல் நாள்

ஹன்னெகே எங்கள் குளத்துக்கு வந்த முதல் நாளே என்னோடு சண்டை போட்டாள். எனக்கும் கோபம் சீக்கிரம் வரும். பிரேசர் டவுன் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய கிளப்பின் நீச்சல்குளத்தில் கோச்சாக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனவள் நான். நெதர்லாந்து நாட்டு டீமில் நீந்திய பெண் ஒருத்தி வருகிறாள், காலை ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு லேன் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சொல்லியிருந்தது. சுவரை ஒட்டிய லேனை ஒதுக்கி வைத்தேன். அவள் வந்தாள், பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"இது வேணாம். எனக்கு நடு லேன் வேணும்."

அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"நடு லேன்ல என் பசங்க இருக்காங்க. நீ ஒருத்தி நீந்தறதுக்கு அவங்களை ஓரம் கட்ட முடியாது"ன்னேன்.

"நான் ஃப்ளை நீந்தறவ. கை ரெண்டும் விரிஞ்சு வரும். சுவத்துல இடிச்சா நீங்கதான் கட்டுப் போடணும்."

"போடறேன். வீட்ல ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் இருக்கு."

சிரித்துவிட்டாள். சுவரோர லேனிலேயே இறங்கினாள். பட்டர்ஃபிளையை நாங்கள் ஃப்ளை என்றுதான் சொல்வோம். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும், நீந்துகிறவளுக்குத் தோளைப் பிய்த்துப்போடும் வேலை. இரண்டு கையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், இரண்டு காலும் ஒட்டியபடி அடிக்க வேண்டும், சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். எங்கள் பிள்ளைகள் நீந்தினால் தண்ணீர் நாங்கள் நிற்கும் கரை, டெக் வரைக்கும் தெறிக்கும். இவள் நீந்தியபோது சத்தமே இல்லை. மற்ற லேன்களில் இருந்த பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தன. மறுநாள் நடு லேனைக் காலி செய்து கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே செய்தேன்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வயதில் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தவள். பத்தொன்பதில் நாட்டு டீம். உலக அளவு போட்டியில் நூறு மீட்டர் ஃப்ளை ஃபைனல் வரைக்கும் போயிருக்கிறாள், மெடல் இல்லை. பிறகு வலது தோளில் ஆபரேஷன். இரண்டு சீசன் போனது. திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் அவளைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி நின்றாள். அந்த நேரத்தில் கணவன் பீட்டருக்கு அவனுடைய கம்பெனி பெங்களூரில் இரண்டு வருட வேலை போட்டது. இவள் ரிட்டயர் ஆகிவிட்டாள் என்று அவள் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இவள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அடுத்த ஒலிம்பிக்கிற்குத் தேர்வாக அவள் நாட்டில் ஒரு ட்ரையல் இருந்தது. அதில் ஒரு நேரத்தை எட்டினால் டீமில் இடம். அவளுடைய பழைய கோச் அங்கிருந்து தினமும் போனில் செட், அதாவது அன்றைய பயிற்சிப் பட்டியல், அனுப்புவார். இங்கே டெக்கில் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிக்க, வீடியோ எடுக்க, சுவரைத் தொட்டுத் திரும்பும் டர்னில் தலை தூக்கினால் கத்த ஒரு ஆள் வேண்டும். கத்துவது எனக்குக் கைவந்த கலை. அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

டெஸ்ட் எடுக்க வந்தவர்கள்

இளம் கோச்சுகளுக்கு இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே அன்று வரைக்கும் சரியாகத் தெரியாது.

அந்த அளவில் நீந்துகிறவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே ஒரு ஆப்பில் பதிந்து வைக்க வேண்டும். ஊக்கமருந்து சோதனை அதிகாரி அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். சிறுநீர் எடுப்பார், சில சமயம் ரத்தமும். அங்கே ஆள் இல்லையென்றால் ஒரு மிஸ். ஒரு வருடத்துக்குள் மூன்று மிஸ் ஆனால் தடை. மருந்து எடுத்தாளா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

ஹன்னெகே முதலில் எங்கள் குளத்தையே, காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் என்று, பதிந்திருந்தாள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் பெண் அதிகாரி ஒருவர் பெரிய பையோடு வந்தார். ஹன்னெகேயைத் தண்ணீரிலிருந்து எழுப்பி, அவள் கூடவே பாத்ரூமுக்குள் போனார். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பது அவர்கள் முறை. அதை எங்கள் காலை பேட்ச் அம்மாக்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஸ்டெல்லா மேடம், அந்தப் பொண்ணு என்ன கேஸு?" என்று ஒரு அம்மா என்னைத் தனியாக இழுத்துக் கேட்டார்.

"கேஸெல்லாம் இல்லீங்க. டெஸ்ட்டு. பெரிய ஸ்விம்மர்ஸ் எல்லாருக்கும் எடுப்பாங்க."

"ட்ரக் டெஸ்ட்டுன்னாங்களே? எங்க பிள்ளைங்க அதே தண்ணியிலதானே நீந்துது?"

குளோரினில் கரையாத பாவம் ஏதோ தண்ணீரில் கலந்துவிட்ட மாதிரி கேட்டார். அந்த வாரமே மூன்று பிள்ளைகள் மாலை பேட்சுக்கு மாறிவிட்டார்கள். அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னென்ன ஓடியதோ, எனக்கு அனுப்பவில்லை. கிளப் செக்ரட்டரி ரங்கநாத் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"ஸ்டெல்லா, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா இந்த டெஸ்ட்காரங்க இங்க வேணாம்மா. ஃபேமிலி கிளப் இது. வீட்ல வெச்சுக்கச் சொல்லு, ப்ளீஸ்."

"சார், அவ ஒண்ணும் தப்பு பண்ணல. சுத்தமா இருக்கான்னு காட்டத்தான் அந்த டெஸ்ட்டே."

"எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன? மெம்பர்ஸுக்குத் தெரியணுமே."

நான்தான் போய்ச் சொன்னேன். ஹன்னெகே முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடமாக நூற்றுக்கணக்கான முறை சோதனை கொடுத்தவள், ஒருமுறைகூட அவள் ஊரில் அவளை யாரும் அப்படிப் பார்த்தது இல்லையாம். அன்றே நேரத்தை மாற்றினாள். வீடு, காலை ஐந்தரை முதல் ஆறரை வரை. "இனிமே இதைப் பத்தி இங்க யார்கிட்டயும் பேச வேணாம், ஸ்டெல்லா. வீட்டுப் பக்கமும் யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள்.

இது நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

இரண்டு போய்விட்டது

முதல் மிஸ் அவள் அப்பா இறந்தபோது. செய்தி வந்த அன்றே ஃப்ளைட் பிடித்துப் போனாள். ஆப்பில் இடத்தை மாற்ற வேண்டும் என்ற நினைப்பு எப்படி வரும்? அதிகாரி இங்கே அவள் வீட்டு பெல்லை அடித்துவிட்டுப் போனார். அப்பா செத்ததற்கு வருந்துகிறோம், ஆனால் மிஸ் மிஸ்தான் என்று சோதனை அமைப்பிலிருந்து பதில் வந்தது.

இரண்டாவது, வீடு மாறியபோது. முதலில் அவர்கள் இருந்தது நான்கே வீடுள்ள சின்னக் கட்டடம். அந்தக் கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரியும் நினைத்தால் வரும் நினைக்காவிட்டால் வராது. தினமும் தண்ணீரில் கிடக்கிறவள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் எங்கள் கிளப் ஷவரில் குளித்துவிட்டுப் போவாள். கடைசியில் ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமையிலிருந்து புது விலாசம் என்று ஆப்பில் போட்டாள். சாமான் ஏற்றும் லாரிக்காரன் சனிக்கிழமையே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அதிகாரி பழைய வீட்டில் நின்றார்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பயத்தை நான் பார்த்தேன். ஐந்தரைக்கு எழுந்து, ஹாலில் சோபாவில் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். குளிக்க மாட்டாள், தலை நனைந்தால் ஹேர் டிரையர் சத்தத்தில் பெல் கேட்காதாம். பாத்ரூமும் போக மாட்டாள். அதிகாரி வந்தால் கொடுக்க வேண்டுமே, அதனால் ஆறரை வரைக்கும் அடக்கிக்கொண்டு இருப்பாள். ஆறரை ஆனதும் ஓடுவாள். "நாய்க்குட்டி மாதிரி பழக்கிக்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரில் மட்டும் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டைம் ட்ரையல் வைத்தோம். ஆறு லேனையும் காலி செய்து, பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்தேன். அவளுடைய கடைசி டர்னுக்குப் பிறகு நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்தார். ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். நம்பாமல் இரண்டாவது வாட்ச் பிடித்த என் அசிஸ்டெண்டைக் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் நீந்திய நேரத்தைவிடக் குறைவு. டீமுக்கு வேண்டிய நேரத்துக்கு ஒரு கண்ணிமைப்புதான் பாக்கி. அவள் லேன் கயிற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தபடி, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். சொன்னதும் அழுதாள். ட்ரையலுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

கேட்டில் ஒருவர்

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை, ஏழு மணிக்கு வந்தவள் உடை மாற்றவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரோ வந்தாங்களாம், ஸ்டெல்லா. கேட்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாராம். நான் வீட்லதான் இருந்தேன். சோபாலதான் இருந்தேன்."

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இதுதான். அந்த அபார்ட்மெண்டில் காலை ஏழுக்கு முன்னால் வெளியாள் வந்தால் வீட்டுக்காரர் ஆப்பில் அனுமதி கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். கூரியர்காரன் வேஷத்தில் எவனோ புகுந்து திருடியதிலிருந்து அசோசியேஷன் போட்ட சட்டம். அன்று வந்த அதிகாரி ஃபிளாட் நம்பரைச் சொன்னார். செக்யூரிட்டி முனிராஜ் ஆப்பில் தட்டினார். அந்த ஃபிளாட் இன்னும் வீட்டு ஓனர் பேரில் இருந்தது, ஓனர் இருப்பது துபாயில். அங்கே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முனிராஜ் இண்டர்காம் அடித்தார். விடியற்காலையில் பால் போடுகிறவன் அடித்து எழுப்புகிறான் என்று பீட்டர் அதன் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தான். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று முனிராஜ் கேட்டார். அதிகாரி, பர்சனல் என்றார். சோதனை என்று முன்கூட்டியே யாருக்கும் சொல்லக் கூடாது, போன் பண்ணியும் கூப்பிடக் கூடாது என்பது அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஆறரைக்கு அதிகாரி எழுந்து போனார். ஆறே முக்காலுக்கு ஹன்னெகேயின் கார் கேட்டைத் தாண்டும்போது முனிராஜ் சல்யூட் அடித்து, தன் கடமையைச் சரியாகச் செய்த சந்தோஷத்தில், தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்: உங்களைக் கேட்டு ஒருத்தர் வந்தார் மேடம், நான் விடவில்லை.

அவள் அதைச் சொல்லி முடித்தாள். நான், "தண்ணியில எறங்கு. அப்புறம் பேசலாம்" என்றேன். இறங்கினாள். அன்றைக்கு அவளால் இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்க முடியவில்லை. ப்ரீ ஸ்டைலில் மெதுவாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஆனேக்கல்

மூன்றாவது மிஸ்ஸைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு ஒரு வழி இருந்தது. அவள் பக்கம் அஜாக்கிரதை எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அவளுடைய வக்கீல் அவள் ஊரிலிருந்து போனில் சொன்னார்: வீட்டில் இருந்தாள், அதிகாரியைத் தடுத்தது காவலாளி, அவர் வந்து சாட்சி சொன்னால் பிழைக்கலாம்.

முனிராஜை ட்யூட்டியில் பிடித்துப் பேச முடியவில்லை. இந்த விவகாரத்தில் தலையிடாதே என்று செக்யூரிட்டி ஏஜென்சி சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தார். வீடு ஆனேக்கலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஹன்னெகேயும் போனோம். வாசலில் அவர் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க தலையில கட்டாதீங்கக்கா. இந்த வேலையும் போச்சுன்னா பொண்ணு காலேஜ் என்ன ஆகும்?"

முனிராஜ் உள்ளேயிருந்து வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். வீட்டிலும் யூனிபார்ம் பேண்ட்தான் போட்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்து ஹன்னெகேயை உட்கார வைத்தார்.

"அவரு வந்தப்ப நான் மரியாதைக் குறைவா ஒண்ணும் பேசல மேடம். சேர் போட்டு உக்கார வெச்சேன். டீ கூட வாங்கிக் குடுத்தேன். யாருன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். சொல்லலையே!"

"அதைத்தான் நீங்க வந்து சொல்லணும்"ன்னேன்.

"நடந்ததை நடந்தபடி சொல்றதுல என்ன இருக்கு? என்னாலதானே இந்தம்மாக்கு இவ்வளவு கஷ்டம். வரேன்."

அவர் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்குக் காபி வரவில்லை. ஹன்னெகே கை கூப்பி, நான் சொல்லிக்கொடுத்த "ரொம்ப நன்றி"யைச் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு நம்பிக்கை. ட்ரையலுக்கு எந்த நாளில் டேப்பர் ஆரம்பிக்கலாம், அதாவது போட்டிக்கு முன்னால் பயிற்சியை எப்போது குறைக்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

விசாரணை

கிளப் கமிட்டி ரூமில் பெரிய டிவியில் வீடியோ கால் போட்டார்கள். மத்தியானம். திரையில் மூன்று பேர் நடுவர்கள், அவர்களுக்குத் தலைவியாக நரைத்த தலையுடன் ஒரு அம்மாள். திரையின் இன்னொரு கட்டத்தில் ஹன்னெகேயின் வக்கீல். இந்தப் பக்கம் ஹன்னெகே, பீட்டர், நான், இஸ்திரி போட்ட யூனிபார்மில் முனிராஜ்.

மொழிபெயர்க்க அவர்களே ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்தியா என்றால் ஹிந்தி என்று நினைத்து ஹிந்திக்காரரைப் பிடித்துவிட்டார்கள். அவர் கேட்டது முனிராஜுக்குப் புரியவில்லை, முனிராஜ் தமிழிலும் கன்னடத்திலும் கலந்து சொன்னது அவருக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் இந்தக் கூத்து. பிறகு தலைவி, அறையில் யாருக்காவது இவர் பேசுவது தெரியுமா என்று கேட்டார். நான் கை தூக்கினேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்கள்.

முனிராஜ் நன்றாகச் சொன்னார். ஆப், இண்டர்காம், பர்சனல், சேர், டீ. ஒவ்வொன்றையும் நான் இங்கிலீஷில் சொன்னேன். டீ என்றபோது ஒரு நடுவர் புன்னகை செய்தார். வக்கீல் முகத்தில் தெம்பு வந்தது. மேசைக்கு அடியில் ஹன்னெகேயின் கால் ஆடுவது நின்றது.

பிறகு தலைவி கடைசியாக ஒன்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. இந்த மாதிரி ஒரு அதிகாரி விடியற்காலையில் வரலாம், வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அதற்கு முன்னால் எப்போதாவது இந்தப் பெண் உங்களிடம் சொல்லியிருந்தாளா?

நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும்.

முனிராஜ் ஹன்னெகேயைப் பார்த்தார். அவளுக்காகப் பேசுகிறோம் என்ற நினைப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல மேடம். எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? நானே லிப்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டிருப்பேனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஹிந்திக்காரர் ஏற்கெனவே வீடியோ காலிலிருந்து போய்விட்டார், பீட்டருக்கு வணக்கம்கூடத் தெரியாது. சொன்னதாக ஞாபகம் இருக்கிறது, வேறு ஷிஃப்ட் ஆளிடம் சொல்லியிருக்கலாம் என்று ஒன்றை நுழைத்தால் கேட்க நாதியில்லை. ஹன்னெகேயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள், சொல்லுங்கள் என்கிற மாதிரி. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தான் யாரிடமும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியுமே.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

தலைவி எழுதிக்கொண்டார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று ஹன்னெகேயிடம் கேட்டார்கள். அவள் கிளப்பில் நடந்ததைச் சொன்னாள், அம்மாக்கள், தண்ணீர், எல்லாம். "என் ஊர்ல என் வீட்டுக் கதவு தெருவுல இருக்கு. வர்றவங்க பெல் அடிப்பாங்க. நடுவுல ஒரு கேட்டும் ஒரு ஆளும் இருப்பாங்கன்னு நான் யோசிக்கல. யோசிச்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள். தலைவி எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புரிந்து என்ன செய்ய, சட்டத்தில் அதற்கு இடமில்லை.

வெளியே வராந்தாவில் முனிராஜ் என் பக்கத்தில் வந்தார்.

"நான் சரியாச் சொன்னேனா மேடம்?"

"சரியாத்தான் சொன்னீங்க முனிராஜ்."

"அந்தம்மாக்கு நல்லது நடக்கும் இல்ல?"

"பாக்கலாம்"ன்னேன். அந்த மனிதரிடம் அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் ஏஜென்சி அவரை அத்திப்பள்ளியில் ஒரு குடோனுக்கு மாற்றிவிட்டது. சம்பளத்தைக் குறைத்து, வாரம் பூரா நைட் ஷிஃப்ட். அவருக்கும் நாங்கள் எதுவும் செய்து கொடுக்க முடியவில்லை.

தீர்ப்பு

இரண்டு வருடத் தடை. தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள்: இத்தனை வருடங்களில் இவளிடம் எடுத்த எந்தச் சாம்பிளிலும் தவறாக ஒன்றும் இல்லை, ஏமாற்ற நினைத்தாள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் தன்னை எளிதில் அணுகும்படி வைத்துக்கொள்வது அவளுடைய பொறுப்பு. அந்தப் பொறுப்புக்கு வேண்டிய சின்ன ஏற்பாட்டைக்கூட அவள் செய்யவில்லை.

சின்ன ஏற்பாடு என்பது உண்மைதான். கேட்டில் வண்டியை நிறுத்தி இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல விடாமல் பண்ணியது யார் என்று தீர்ப்பில் எழுத மாட்டார்கள். முப்பத்தொரு வயதில் ஃப்ளை நீந்துகிறவளுக்கு இரண்டு வருடம் என்றால் அது ஆயுள்தண்டனை. தோள் காத்திருக்காது.

அவள் ஊர்ப் பத்திரிகையில் அவள் படத்தைப் போட்டு, மேலே ஊக்கமருந்து விதிமீறல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் அம்மாக்கள் குரூப்பில் அந்தப் படம் வந்தது. இந்தத் தடவை எனக்கும் அனுப்பினார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ரங்கநாத் சார் ஒரு மெயிலைக் காட்டினார். தடையில் இருக்கிறவர்கள் நீச்சல் ஃபெடரேஷனோடு சேர்ந்த எந்தக் கிளப்பின் குளத்திலும் பயிற்சி செய்யக் கூடாது. இறங்கவே கூடாது.

"நீயே சொல்லிடும்மா. எனக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கு மட்டும் இனிப்பா இருக்கா சார்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்ட நினைத்ததை எல்லாம் அப்போதே திட்டிவிட்டேன். டெஸ்ட்டை இங்கேயே எடுக்க விட்டிருந்தால் அவளுக்கு இந்த நிலை வந்திருக்குமா என்று கேட்டேன்.

ஏழு மணிக்கு ஹன்னெகே வந்தாள். தடையோ இல்லையோ, காலையில் தண்ணீரில் இறங்காமல் அவளுக்கு இருக்கத் தெரியாது. குளத்துக்குப் போகும் இரும்புக் கதவுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது. மெயிலில் இருந்ததைச் சொன்னேன்.

"சும்மா நீந்தக்கூடவா? வாட்ச் வேணாம், கோச் வேணாம். ஓரத்து லேன்ல?"

"ஓரத்து லேன்லயும் முடியாது, ஹன்னெகே. நான் விட்டா கிளப் பேர்ல இருக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும் பிரச்சனை வரும்."

உள்ளே பிள்ளைகள் வார்ம்-அப் செய்யும் சத்தம் கேட்டது. அவள் கதவுக் கம்பிகளுக்கு நடுவே உள்ளே பார்த்தாள். "நாலாவது லேன்ல அந்தப் பொண்ணுக்கு வலது கை லேட்டா வருது. சொல்லுங்க" என்றாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டு காருக்குப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே போய் நாலாவது லேன் பெண்ணுக்கு வலது கையைத் திருத்தினேன்.

சில மாதத்தில் பீட்டரின் வேலை முடிந்து இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் அவளுக்கு எந்தக் கிளப்பிலும் இடமில்லை. தடை முடிந்தபோது அவள் திரும்பி நீந்தவில்லை.

அதற்குப் பிறகு நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். என்னிடம் நீந்துகிற பிள்ளை நேஷனல்ஸ் வரைக்கும் வந்தால், அவர்கள் வீட்டு கேட்டுக்கு நானே போவேன். செக்யூரிட்டியிடம், பக்கத்து வீட்டில், அசோசியேஷன் ஆபீசில், சத்தமாக, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன்: இந்தப் பிள்ளைக்கு ட்ரக் டெஸ்ட் எடுக்க ஆள் வருவாங்க, வந்தா உடனே விடுங்க. அப்பா அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். மெதுவா சொல்லுங்க மேடம், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்பார்கள். நினைக்கட்டும் என்று இன்னும் ஒருமுறை சொல்வேன். நீங்கள் கோச்சாக வரப்போகிறவர்களாக இருந்தால் நீங்களும் போங்கள். பிள்ளையின் நீச்சல் ஸ்ட்ரோக்கை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.